ஹெல்ப்லைனை யார் எடுப்பது?

“இந்தப் புது சாப்ட்வேருக்குக் கையெழுத்துப் போடாதீங்க மாமா” என்று முதலாளியின் பேனாவைப் பிடுங்கினாள் சர்வீஸ் பிரிவின் தலைவி. அவள் அவருடைய அக்கா மகள்.

புகார்களைப் பதியும் பழைய சாப்ட்வேர் போன வாரம் படுத்துவிட்டது. இன்னொரு புகார் தொலைந்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவதாக, வாடிக்கையாளரான பெரிய ஆஸ்பத்திரி ஒன்று மிரட்டியிருந்தது. போனால் அவள் பிரிவுக்கே பூட்டுதான்.

“டெமோவுல அசத்திட்டாங்களேம்மா.”

“என் புருஷனும் கல்யாணத்துக்கு முன்னாடி அசத்தினவர்தான். இது படுத்தா யாரு தூக்கி நிறுத்துவாங்க? அவங்க ஹெல்ப்லைனைக் கூப்பிடறேன். உடனே எடுத்தா வாங்குவோம்.”

ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், விற்பனைப் பிரிவில் ஒரு போன் அடித்தது.

“வணக்கம், என்ன உதவி வேணும்?”

குரல் ஸ்பீக்கரிலும் கேட்டது, தடுப்பைத் தாண்டியும் கேட்டது. விற்பனைப் பிரிவின் தலைவர், அவளுடைய கணவர்.

முதலாளி சிரித்தார். “உடனே எடுத்துட்டாரே.”

“அவங்க ஹெல்ப்லைனை நடத்தற காண்ட்ராக்ட் நம்ம கம்பெனிக்குத்தான் கிடைச்சிருக்கு மாமா” என்று அசடு வழிந்தபடி எட்டிப் பார்த்தார் கணவர். “இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அந்த சாப்ட்வேரைச் சரிபண்ண உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் அவள்.

“எனக்கெதுக்கு? நிபுணர்னு உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன்.”