அடிக்கப்பட்ட வாக்கியம்

“ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அவங்க செத்துப்போயிட்டா, ஃபோனை வச்சுடுவீங்களாப்பா?”

ஏழு வயதில் மூத்தவள் அப்பாவிடம் இப்படிக் கேட்டாள். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டது பெரிய மனுஷி என்பதுபோல, பிரஷை நிறுத்தி யோசித்துப் பதில் சொன்னார். “வைக்கமாட்டேன்மா. நாங்க முதல்ல வைக்கக்கூடாது. வாசல்ல ஆள் வந்து நிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும்.”

இப்போது அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. முப்பது வருஷம் ஊரார் வீடுகளுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்பியவர், தன் வீட்டுக்கு ஒன்றை வரவழைக்க யாருக்கும் அவகாசம் கொடுக்காமல் போய்விட்டார். ஒன்பது மணிக்குப் பெட்டி வரும். பதினொன்றுக்கு ஜெபம்.

சாப்பாட்டு மேஜையில் தம்பி எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு டயர் கடை. ஆனால் எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவன் பெயர் வக்கீல். ஜெபத்தின்போது அப்பாவைப் பற்றி அவன்தான் வாசிக்க வேண்டும்.

“அக்கா, இதைக் கேளு. ‘விசுவாசத்தை வெளியில சொன்ன ஒரே குத்தத்துக்காக எங்கப்பா தண்டிக்கப்பட்டார். கடவுள் பேரைச் சொன்னாருங்கிறதுக்காக வேலையிலேருந்து இறக்கி, ஜன்னல் இல்லாத ரூமுக்கு அனுப்பினாங்க. கிறிஸ்தவனுக்கு இந்தக் காலத்துல கிடைக்கிற மரியாதை இதுதான்.’”

மூத்தவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அப்பாவை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாத்தினாங்க. சம்பளம்கூடக் குறையலை. இதுக்குப் போய்த் தண்டனைங்கிறியே.”

“சிங்கத்துக்கு முன்னாடி தூக்கிப் போட்டாத்தான் தண்டனைன்னு ஒத்துக்குவியா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“ஆஃபீஸ்ல யார் என்ன வேணா பேசலாம். ராசிபலன் பேசலாம், சாபம் விடலாம். நம்மப்பா ‘கடவுள் உங்களோட இருக்கார்’னு சொன்னா மட்டும் சிவப்பு மை. நீயே சொல்லு, உங்க காலேஜ் ஆஃபீஸ்ல ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினேன்னு கேட்டா என்ன சொல்வே?”

அவள் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டாள். ‘சும்மா வீட்ல இருந்தேன்’ என்றுதான் எட்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. ஒரு தடவை உண்மையைச் சொன்னபோது மேஜையைச் சுற்றி ஒரு சின்ன அமைதி விழுந்தது. பிறகு ஒருவர் வேறு பேச்சை எடுத்தார். அவ்வளவுதான். அதைத் துன்பம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடிந்ததில்லை.

“ரெண்டு பேரும் சண்டை போடணும்னா வெளியில போங்க,” என்றாள் அம்மா. அப்பாவின் கட்டிலருகே ஒரு ஜோடிக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அவருக்குச் சத்தம் ஆகாது. நாள் முழுக்க அழுகைச் சத்தம் கேட்டுட்டு வர்ற மனுஷன்.”

அவர் வேலை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவை யாரும் திருத்தவில்லை.

அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பதுதான் அப்பாவின் வேலை. என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று அச்சடித்த அட்டை இருக்கும். கேள்விகள் முடிந்து ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, காத்திருக்கும் அந்த நிமிஷங்களில், அப்பா அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்வார். ‘நீங்க தனியா இல்லை. கடவுள் உங்களோட இருக்கார்.’ பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யாரோ புகார் கொடுத்தார்கள். பழைய பதிவுகளை எடுத்துக் கேட்ட மேற்பார்வையாளர், எழுத்துப்படியில் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் அடித்தார். அப்பா கீழ்த்தளத்தில் பதிவறைக்குப் போனார். அங்கேயே ஓய்வு பெற்றார். இதெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லி வீட்டுக்குத் தெரிந்தது. அப்பாவிடம் ஏன், எப்படி என்று கேட்டபோது, “ஃபோன்ல நடக்கிறது ஃபோனோட” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. அப்பா வெள்ளைச் சட்டையில், யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்பவர்போலப் பெட்டிக்குள் படுத்திருந்தார். போதகர் பாட்டுப் புத்தகங்களை விநியோகித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு. உள்ளே வந்தவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்பு அலமாரியின் பக்கத்திலேயே நின்றார்.

வக்கீல் அக்காவின் கையைப் பிடித்தான். “அவங்கதான். பிரிவு உபசாரப் படத்துல அப்பா பக்கத்துல நிக்கிறாங்களே, அந்த மேற்பார்வையாளர். எந்த முகத்தை வச்சுக்கிட்டு வந்திருக்காங்க?”

“சாவு வீடுடா. யார் வேணா வரலாம்.”

“வரட்டும், நல்லா முன்வரிசையில உட்காரட்டும். பதினோரு மணிக்கு அவங்க பேரைச் சொல்லியே படிக்கிறேன். அப்பா வாய் திறக்கலை. நானாவது திறக்கிறேன்.”

அவன் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவன் செய்வான். அப்பாவின் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணைத் தலைகுனிய வைப்பான். அது நியாயமாகவும் இருக்கலாம். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் அந்த அம்மாளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

“நான் யாருன்னு தெரியுமா?” என்று கேட்டார் அவர்.

“தெரியும். என் தம்பிக்கும் தெரியும். இன்னிக்கு அவன் அப்பாவைப் பத்தி வாசிக்கப் போறான். அதுல நீங்க இருக்கீங்க. முன்கூட்டியே சொல்லிடறது நல்லதுன்னு தோணிச்சு. நீங்க இருக்கிறதும் போறதும் உங்க இஷ்டம்.”

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “வாசிக்கட்டும்மா. உண்மைதானே.”

மூத்தவள் இதை எதிர்பார்க்கவில்லை.

“புகார் கொடுத்தது ஒரு பொம்பளை. புருஷன் மூச்சில்லாம கிடக்கிறப்ப உங்கப்பா கடவுள் பேரை எடுத்தார். அதைக் கேட்டதுமே புருஷன் போயிட்டார்னு தெரிஞ்சுடுச்சு, நம்பிக்கையே விட்டுப்போச்சுன்னு எழுதியிருந்தாங்க. அவங்க மேல தப்பில்லை. உங்கப்பாவும் அதைப் படிச்சுட்டு, ‘பாவம், நான் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்’னுதான் சொன்னார். அதோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். நான்தான் பழைய பதிவையெல்லாம் தோண்டினேன். அதே மாசம் ஒருத்தன் ‘எல்லாம் தலையெழுத்து’ன்னு சொல்லியிருந்தான். இன்னொருத்தி ‘உங்க நட்சத்திரம் நல்லாயிருக்கும், பயப்படாதீங்க’ன்னா. அதுவும் அட்டையில இல்லாததுதான். எல்லாத்தையும் கேட்டேன். பேனாவை எடுத்தது உங்கப்பாவுக்கு மட்டும். இவங்க இப்படித்தான், ஆள் பிடிக்கிறவங்கன்னு மனசுல ஒரு நினைப்பு. அவர் யாரையும் பிடிச்சதே இல்லை.”

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மூத்தவள் அதை இறுக்கி மூடினாள்.

“அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் குளியலறை வாசல்ல விழுந்துட்டார். நான் நம்ம எண்ணுக்கே அடிச்சேன். எடுத்தாங்க. என் வாயிலேருந்து என்ன வந்துச்சு தெரியுமா? ‘அவசர உதவி. உங்க முகவரியைச் சொல்லுங்க.’ இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். அந்தப் பக்கம் புதுசா சேர்ந்த பொண்ணு. என் குரலை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா. நாங்க அப்பப்ப வெளியிலேருந்து கூப்பிட்டுச் சோதனை வைப்போம். இதுவும் சோதனைன்னு நினைச்சுட்டா. அவ ஒழுங்கா அட்டையைப் பார்த்து முகவரி கேட்கிறா. நானும் திரும்பத் திரும்ப அவகிட்ட முகவரியைக் கேட்கிறேன். எனக்கு வேற வார்த்தையே வரலை.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“உங்கப்பா ஏதோ ஃபைல் கொடுக்க மேல வந்திருக்கார். அந்தப் பொண்ணு, ‘மேடம் சோதனை வைக்கிறாங்க சார், என்னமோ விளையாடறாங்க’ன்னு காட்டியிருக்கா. ஒரு நிமிஷம் கேட்டுட்டு ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கிட்டார். அவர் அதைத் தொடவே கூடாது. நான் போட்ட உத்தரவு. ‘மேடம், இது சோதனை இல்லை, தெரியும். உங்க முகவரி எங்ககிட்டயே இருக்கு, வண்டி கிளம்பிடுச்சு. முதல்ல வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு வாங்க’ன்னார். அப்புறம் நெஞ்சுல எங்க கை வைக்கணும், எப்படி அழுத்தணும்னு சொல்லிச் சொல்லி, கூடவே எண்ணினார். பதினெட்டு நிமிஷம். வண்டிச் சத்தம் கேட்டப்ப, ‘மேடம், உங்க அனுமதி இருந்தா ஒண்ணு சொல்லட்டுமா?’ன்னு கேட்டார். என்ன சொல்லப் போறார்னு எனக்குத் தெரியும். சொல்லுங்கன்னேன்.”

“அவர்... உங்க வீட்டுக்காரர்?”

“கீழ கார்ல உட்கார்ந்திருக்கார். அதிகம் நடக்க முடியாது.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்கப்புறமும் உங்கப்பாவை நான் மாடிக்குக் கூப்பிடலை. கூப்பிட்டா, செஞ்சது தப்புன்னு ஒத்துக்கணுமில்ல. தினமும் காலையில லிஃப்ட்ல பார்ப்பார். ‘சார் எப்படி இருக்கார் மேடம்?’னு கேட்பார். ஒரு நாள் விடாம ஏழு வருஷம் கேட்டார்.”

மூத்தவள் வெளியே வந்து வக்கீலை மொட்டைமாடிப் படிக்கு இழுத்துப்போய், கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள்.

“அப்ப அநியாயம் நடந்துச்சுன்னு அவங்களே சொல்றாங்க,” என்றான் அவன். “எழுதினதை நான் எதுக்கு அடிக்கணும்? நானும் சிவப்பு மை எடுக்கணுமா?”

“ஒண்ணையும் அடிக்காதே. பாதி நீ சொன்னது, அது எனக்கு இவ்வளவு நாள் புரியலை, தப்பு என்மேல. மீதிப் பாதி உனக்குத் தெரியலை. ரெண்டையும் வாசி. பேர் மட்டும் வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அப்பா வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது அந்தப் பேரைச் சொல்லியிருக்காரா?”

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான்.

பதினொரு மணிக்கு ஒரு பாட்டு பாடினார்கள். அவன் எழுந்து தாளைப் பிரித்தான். அப்பாவின் பிறப்பு, படிப்பு, வேலை. பிறகு தாளின் மறுபக்கத்தைத் திருப்பினான்.

“கடவுள் பேரைச் சொன்னதுக்காக அப்பாவை ஒரு இடத்திலேருந்து எடுத்து இன்னொரு இடத்துல வச்சாங்க. மத்தவங்க சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லலை. அது சரியில்லை. அப்பா இதைச் சொன்னதில்லை, அதனால நான் சொல்றேன். அதே மாதிரி, அந்த இடத்துல இருந்துக்கிட்டே அவர் ஒரு உயிரைக் காப்பாத்தினார். அதையும் அவர் சொன்னதில்லை. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். யார் உயிர்னு கேட்காதீங்க. ஃபோன்ல நடந்தது ஃபோனோட.”

கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்குக் காரணம் இல்லை. சாம்பல் நிறக் கோட்டு அணிந்த அம்மாள் குனிந்து, மூடியிருந்த பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும், “என்கிட்டகூடச் சொல்லலியே,” என்று பெட்டியைப் பார்த்து, கோபித்துக்கொள்வதுபோல மெல்லச் சொன்னாள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். வக்கீல் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். பெட்டியை மூடித் தூக்க நான்கு பேர் வாசலில் நின்றார்கள். கூடத்தில் அந்த அம்மாள் மட்டும் மீதி இருந்தார்.

“எனக்கு உங்க நம்பிக்கை கிடையாது,” என்றார் மூத்தவளிடம். “இப்பவும் இல்லை. ஆனா அன்னிக்கு அவர் சொன்னதை வாங்கிக்கிட்டேன். திருப்பிச் சொல்லவே இல்லை. அவர்கிட்ட தனியா ஒரு ரெண்டு நிமிஷம் கிடைக்குமா?”

மூத்தவள் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். மெல்லிய கதவு. பக்கத்தில் நின்றால் உள்ளே பேசுவது கேட்கும். அவள் நான்கு பேரையும் படிக்கட்டுக்கு நடத்திப்போனாள்.

“லிஃப்ட்ல பெட்டி நுழையாது. இந்தத் திருப்பத்துல எப்படி இறக்குவீங்க?”

“தலைமாட்டைத் தூக்கிப் பிடிச்சா போதும்மா. சாயாது,” என்றார் மூத்த ஆள்.

“கைப்பிடி இடிக்காதா?”

“இடிக்காதும்மா.”

“ரெண்டாவது மாடியில திருப்பம் இன்னும் குறுகலாச்சே. அங்க?” என்று அவள் கேட்டாள். தேவைக்குமேல் உரக்கக் கேட்டாள். அவர்கள் பொறுமையாகக் கையால் அளந்து காட்டினார்கள். அவள் அதே கேள்வியை, மூன்றாவது தடவையாக, முதல் மாடிக்கும் கேட்டாள்.