எரிக்க மனம் வராத தாள்

பெரம்பலூரில் காசிநாதன் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. அவர் நடத்தும் இதழுக்கு 'ஊரான்' என்ற பெயரில் வரும் கட்டுரையை அச்சுக் கோத்ததும் கையெழுத்துத் தாளை எரித்துவிட வேண்டும். விதியைப் போட்டவரும் அவர்தான், 1981 மாசியில் அதை மீறியவரும் அவர்தான்.

"கிணறு வெட்டும்போது எங்கள் கை தீட்டில்லை, தண்ணீர் சேந்தும்போது மட்டும் தீட்டா?" இருபது வருடம் அச்சுக் கோத்த மனுஷர் அந்தக் கட்டுரையின் இந்த வரியில் கலங்கிப்போனார். தாளை ஆணிக் கம்பியில் குத்திவைத்து, தினமும் எடுத்துப் படித்தார்.

'ஊரான்' யாரென்று அவருக்கே தெரியாது. உறையை ஏதோ ஒரு ஸ்டேஷனில் ரயிலின் தபால் பெட்டியில் போடுவார்கள். ரயில் தபால் முத்திரைதான் இருக்கும், ஊர் முத்திரை இருக்காது. யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார் என்று நினைத்திருந்தார்.

இதழ் வெளியான மூன்றாம் நாள், கட்டுரையில் தன் ஊர்க் கிணற்றைக் கண்டுகொண்ட திருமானூர்ப் பக்கத்து ஊர்த் தலைவர் சாமிதுரை இரண்டு ஆட்களோடு வந்தார். கையில் ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய மனுக்கள் ஒரு கட்டு.

"அந்த ஊரானோட கையெழுத்தக் காட்டு காசிநாதா. இதோட ஒத்துப் பாத்துக் கண்டுபுடிச்சுருவேன். எழுதுன கைய ஒடிக்காம வுடமாட்டேன்."

கம்பியில் மேலே இருந்ததே அந்தத் தாள்தான். காசிநாதன் சாவகாசமாக அதை உருவினார், மண்ணெண்ணெயில் நனைத்தார், மசி அப்பிய ஈய எழுத்துகளைத் துடைத்தார். அச்சகத்தில் வேண்டாத தாளுக்கு அதுதான் கதி என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

"நல்லாத் தேடிக்கங்க" என்றார். அந்த வரி மசியில் கரைந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. சாமிதுரை கம்பியையே கவிழ்த்துத் தேடிவிட்டு, திட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல்.

"அம்சவள்ளிங்க. எங்க தெரு மனு பூரா நாந்தான் எழுதுறது. தலைவரு அதையெல்லாம் தூக்கிட்டு இங்க வந்தாராம். கிணத்தப் பத்தி எழுதுன என் தாளக் குடுத்துடுங்க சார்."

காசிநாதன் மசியில் கறுத்துக் கிடந்த தாள் உருண்டையைக் காட்டினார். "என்னைச் செருப்பால அடிக்கணும்மா. அன்னைக்கே எரிச்சிருக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முகம் வாடியது. "இனிமே எழுத முடியாதுங்களே. என் கையெழுத்தே என்னையக் காட்டிக் குடுத்துடும்."

சாமிதுரைக்கு எழுந்திராத காசிநாதன் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். அச்சுக் கோக்கும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"காயிதம் எதுக்கு? நீங்க சொல்லுங்க, நான் கோத்துடறேன்."

அம்சவள்ளி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"எழுதியது யார் என்று தேடுகிறவர், எழுதியது பொய்யா என்று ஏன் கேட்கவில்லை?"