சோற்றுப் பார்சலுக்குள் ரிவோல்வர்

என் வீட்டுக்காரரிடம் உலகத்திலுள்ள எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். தேங்காயெண்ணெய். கதவு கிரீச்சிட்டால் தேங்காயெண்ணெய், சைக்கிள் செயின் முனகினால் தேங்காயெண்ணெய், மகளுக்கு மூக்கொழுகித் தடிமன் என்றாலும் உச்சந்தலையில் அதுதான். ஒருமுறை என் தையல் மெஷினுக்கும் தாராளமாக ஊற்றிவைத்தார். அந்த வருடம் பெருநாளுக்குத் தைத்த சட்டை எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை. கேட்டால், "மெஷின் சத்தமில்லாம ஓடிச்சா இல்லையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் பாடசாலை நிர்வாகம் புத்தம் புதிய ரிவோல்வர் ஒன்றைக் கொடுத்தது.

பயந்துவிட வேண்டாம். ஓட்டப்போட்டி தொடங்கி வைக்கிற ரிவோல்வர் அது. குண்டு கிடையாது, சத்தமும் புகையும் மட்டும்தான். ஆனால் பார்வைக்கு அசல் மாதிரியே கறுப்பாக, கனமாக இருக்கும். என் வீட்டுக்காரர் ஸஜ்ஜாத் இரத்தோட்டைக்கு மேலே எங்கள் ஊர்ப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். போன வருடம் வரை இரண்டு பலகையைத் தட்டித்தான் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். கடைசிக் கோட்டில் நின்ற பிள்ளைக்குச் சத்தம் கேட்கவில்லை என்று நீல இல்லத்துப் பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கிச் சண்டை பிடித்த பிறகு, மாத்தளையில் ரவூப் நானாவின் விளையாட்டுச் சாமான் கடையில் பிரின்சிபல் இதை வாங்கிவந்தார்.

விசை கொஞ்சம் இறுக்கம். "புதுச் சாமான் அப்படித்தான், பழகப் பழக சரியாகும்" என்று ரவூப் நானா சொல்லியனுப்பியிருந்தார். என் ஆளுக்கு அதுவரை பொறுமை ஏது? விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாளுக்கு முதல் நாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணின் தலைக்கு வைப்பது போல எண்ணெய் வைத்தார். இழுத்துப் பார்த்தார். விசை வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அன்று மாலை முழுவதும் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

விடிந்ததும், பழகிப் பார்க்க என்று ஆறு வெடியையும் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார். தை மாதக் குளிர். வாயைத் திறந்தால் புகை வருகிறது. வெடியில் போய் அடிக்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தார், கையை உயர்த்தினார், கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றுமில்லை.

"றிஸ்மி, இது அசையுதில்ல."

விசை பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. சுத்தியல் தூக்கியபடி இருக்கிறது. சுத்தியல் இறங்காமல் வெடியிருக்கிற உருளை கழலாது. அதனால் வெடியை வெளியே எடுக்கவும் வழியில்லை. பலத்தைக் கொடுத்து இழுத்து உடைத்தால் மாற்றித் தர ஏலாது என்று கடையில் முதலே சொல்லியிருக்கிறார்கள்.

"நாளைக்குப் போட்டி. இன்னக்கே மாத்தளைக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

"பஸ்லயா?" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் பயம் எனக்குத் தெரியாததல்ல. ஈஸ்டர் நாளில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, மற்ற முஸ்லிம் வீடுகளோடு எங்கள் வீட்டையும் பொலிசார் சோதித்தார்கள். கட்டிலுக்கடியில் பாடசாலை ஈட்டிகள் மூன்று இருந்தன. அவற்றை வெளியே எடுத்து வரிசையாகக் கிடத்தி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். "எறியிறதுக்கு" என்றார் இவர். "யாருக்கு எறிய?" என்று கேட்டார்கள். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று பிரின்சிபல் வந்து விளங்கப்படுத்தும் வரை பொலிசில் இவரை நிற்கவைத்திருந்தார்கள், எனக்கு அழுகை நிற்கவில்லை. அன்றிலிருந்து மனிதர் மைதானத்தில் சிங்கம், வெளியே வந்தால் சத்தமே இல்லை. பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்லக்கூட வாய் வராது. எத்தனையோ நாள் அடுத்த ஹோல்டில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். எந்தக் காக்கிச் சட்டையைக் கண்டாலும் பையைத் திறந்து காட்டத் தயாராக நிற்பார். அப்படிப்பட்டவர், சுத்தியல் தூக்கிய ரிவோல்வரோடு மாத்தளை பஸ்ஸில் போக வேண்டும். பிடிபட்டால் என்ன கேட்பார்கள், இவர் என்ன சொல்வார்?

"நானும் வாரேன். பொம்பள மடியில சோத்துப் பார்சல் இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

ரிவோல்வரைத் துவாயில் சுற்றிச் சீலைப் பைக்குள் வைத்தேன். அதன் மேலே, பானையிலிருந்து அப்போதே அள்ளிக் கட்டிய சோற்றுப் பார்சல் இரண்டு. பருப்பு, சம்பல், கருவாடு. ஆவி பறந்தது. யார் எட்டிப் பார்த்தாலும் சோறு மணக்குமே தவிர வேறொன்றும் தெரியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ்ஸில் இவருக்கு யன்னலோரம், நடுவில் நான், என் பக்கத்தில் இலட்சுமி. மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர், கிளினிக் சீட்டுத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். முன்னால் கொஞ்சம் பாடசாலைப் பிள்ளைகள். இரண்டு வளைவு தாண்டியதும் பஸ் நின்றது. பொலிஸ் சார்ஜன் ஒருவர் சீருடையோடு ஏறி, எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஸஜ்ஜாத்தின் தொடை ஆடத் தொடங்கியது. நான் காலால் மிதித்து நிறுத்தினேன். மற்றத் தொடை ஆடத் தொடங்கியது.

"சாருக்குக் குளுருதா?" என்றார் இலட்சுமி இரக்கத்தோடு.

"ஓ, சரியான குளிர்" என்றேன். என் மடியில் என்னவோ நல்ல சூடு. துணியைத் தாண்டித் தொடை வேகிறது. பையை இறக்கிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே பஸ் குலுங்கியபோது இறுக்கிப் பிடித்தேன்.

டமார்!

என் மடியில்தான். பை ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது, வந்த புகையும் சோற்று ஆவி மாதிரியே தெரிந்தது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"டயர் போயிருச்சு!" என்று பஸ்ஸே கத்தியது.

டிரைவரும் கொண்டக்டரும் இறங்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார்கள். எல்லாம் கல் மாதிரி. குனிந்து அடியில் பார்த்தார்கள். டிரைவர் தலையைச் சொறிந்தார். என்ன வெடித்தது என்று தெரியாமல் இந்த இறக்கத்தில் இறங்க முடியாது, டிப்போவுக்குப் போன் அடித்து வேறு பஸ் எடுக்க வேண்டும், ஒரு மணித்தியாலமாவது போகும் என்றார் சிங்களத்தில்.

"ஐயோ, நேரத்தோட போகலன்னா டாக்டரு போயிருவாரே. போன மாசமும் இப்படித்தான் திரும்பி வந்தேன்" என்று இலட்சுமி கிளினிக் துண்டை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார்.

நான் ஸஜ்ஜாத்தின் கையைக் கிள்ளினேன். "வாயத் தொறக்காதீங்க. தன்பாட்டுல சரியாகும்."

அவர் இலட்சுமியைப் பார்த்தார். சார்ஜனின் முதுகைப் பார்த்தார். பிறகு, யா அல்லாஹ், எழுந்து நின்றார்.

"டயர் இல்ல" என்றார் சிங்களத்தில். குரல் பாதிதான் வந்தது. "என்னோட துவக்கு."

பொலிஸ் முன்னால் துப்பாக்கி என்றா சொல்வது, இந்த மனிதருக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா? சார்ஜன் எழுந்து திரும்பினார். கை இடுப்புக்குப் போனது.

"வெளிய எடு. மெதுவா."

ஸஜ்ஜாத் பைக்குள் கைவிட்டார். முதலில் ஒரு பார்சல் வந்தது, கிழிந்து. பிறகு வெடியில் அவிழ்ந்துபோன துவாய். பிறகு ரிவோல்வர், மேலெல்லாம் சோற்றுப் பருக்கையும் பருப்புமாக. சார்ஜன் ஐடென்டிட்டியைக் கேட்டார், பெயரை வாசித்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் பெயரை வாசித்தார். ஸஜ்ஜாத்தின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லார் மேலும்தான்.

"மாத்தயா, இந்த மனுசன் ஸ்போர்ட்ஸ் சேர்!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஐயா போட்டுப் பிடித்துக்கொண்டேன். "இது ஓட்டப்போட்டிக்கு வெடி வைக்கிற சாமான். புது விசைக்கு யாராச்சும் தேங்காயெண்ணெய் போடுவாங்களா? இவர் போடுவார். கதவுக்குப் போடுவார், மெஷினுக்குப் போடுவார், விட்டா எனக்கும் போடுவார். இந்தக் குளிர்ல அந்த எண்ணெ..."

அங்கே நின்றுவிட்டேன். காலையில் அடுப்பங்கரையில் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்திருந்தது கண்ணில் நின்றது. தினமும்தான் உறைகிறது. தினமும்தான் அடுப்போரம் வைத்து உருக்கித் தலைக்கு வைக்கிறோம். எண்ணெய் ரிவோல்வருக்குள்ளும் உறையும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சுடுசோறு அதை உருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

"உறைஞ்சிருக்கு" என்றேன் மெதுவாக. "நான் சோத்த மேல வெச்சு உருக்கிட்டேன்."

சார்ஜன் ரிவோல்வரை வாங்கி ஒரு விரலால் வழித்து மூக்கருகே வைத்தார். "எண்ணெ சரி. சம்பலும் மணக்குது" என்றார். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். இலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை.

"கீழ இறங்கி எல்லாரும் பாக்க ஒருக்கா வெடி வைங்க. அப்பத்தான் டிரைவர் பஸ் எடுப்பார்."

எல்லோரும் இறங்கினோம். பாடசாலைப் பிள்ளைகள் கேட்பார்களா? புத்தகப் பையை எறிந்துவிட்டு வீதிக்குக் குறுக்கே வரிசையாக நின்றுவிட்டார்கள். கொண்டக்டர் கீழ் வளைவுக்குப் போய், வாகனம் வந்தால் நிறுத்தக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஸஜ்ஜாத் ரிவோல்வரைத் துவாயால் துடைத்து ஒரு கரையில் நின்றார். சுத்தியலை இழுத்தார். கையை உயர்த்தினார்.

"ஒன் யுவர் மார்க்" என்றார், பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்லாத அதே குரலில்.

"கேக்கல சேர்!" என்றது ஒரு பிள்ளை.

மூச்சை இழுத்துக்கொண்டார். "ஒன் யுவர் மார்க்!" மலையில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். பிள்ளைகள் குனிந்தார்கள். சார்ஜன் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையின் ஓரத்தில் ஒரு காலை முன்னால் வைத்தார்.

"செட்!"

வெடிக்கு முன்னரே சார்ஜன் பாய்ந்துவிட்டார். நாலு எட்டுப் போயும்விட்டார்.

ஸஜ்ஜாத் விசையை இழுக்கவில்லை. கையை இறக்கினார். "மாத்தயா!" என்று கத்தினார். "முந்திட்டீங்க! பின்னுக்கு வாங்க!"

வீதியில் ஒருவரும் அசையவில்லை. சார்ஜன் நின்றார். திரும்பி இவரைப் பார்த்தார். இவரும் பார்த்தார், பார்வையை இறக்கவில்லை, இடது கையால் கோட்டைக் காட்டியபடியே நின்றார்.

"சொரி சேர்" என்றார் சார்ஜன். நடந்து வந்து, பிள்ளைகளோடு மறுபடியும் கோட்டில் நின்றார்.