குளியலறையில் நாய்

அட்டையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அண்ணி – நாத்தனார்' என்று மட்டும் போட்டிருந்தது. பதிப்பாளரின் வேலை அது. உள்ளே சண்டை இருக்கும் என்று நம்பி நாலு பேர் கூடுதலாக வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு பலித்தது. இதோ, ஐந்தாவது துப்பறியும் நாவல் வந்து, புத்தகக் கடையின் மாடியில் வாசகர்களோடு பேச்சு.

நாத்தனார் இன்றோடு இதற்கு ஒரு முழுக்குப் போட வந்திருந்தாள். அடுத்த நாவலைத் தனியாக எழுதப் போகிறாள். பதிப்பாளரிடம் சொல்லியாயிற்று. "எனக்கு ஆட்சேபணை இல்லை. வாசகர்கள் முன்னாடி நீங்களே வாயால சொல்லிடுங்க, அப்புறம் பழி என் தலையில விழக் கூடாது" என்று அவர் நழுவிக்கொண்டார். அண்ணியிடம்தான் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அண்ணன் ஒரு வாரம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவான். மேடையில் சொன்னால் அண்ணி சிரித்துத்தான் ஆக வேண்டும்.

தனியாகப் போகக் காரணம், அவர்கள் எழுதும் முறை. ஒற்றைப்படை அத்தியாயங்கள் நாத்தனாருக்கு, இரட்டைப்படை அண்ணிக்கு. கதையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுதிய தாள்களை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். மற்றவள் எடுத்துத் தொடர வேண்டும். அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம். தன் அத்தியாயம் முடிகிற இடத்தில் யாரையாவது எங்காவது அடைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வாள். லிஃப்ட், கிடங்கு, கார் டிக்கி. பல் மருத்துவமனையில் நாளெல்லாம் அடுத்தவன் வாயைத் திறந்து பிடித்திருக்கும் நாத்தனார், வீட்டுக்கு வந்தும் அண்ணி பூட்டியதைத் திறந்துகொண்டிருந்தாள்.

மேடையில் மைக் ஒன்றுதான். அது பெரும்பாலும் அண்ணியிடமே இருந்தது.

"எங்க உட்கார்ந்து எழுதுவீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மொட்டைமாடிப் படியில. அங்கதான் வீட்டுல யாரும் என்னைத் தேட மாட்டாங்க. தேடினா ஏறி வரணுமே."

"நீங்க?"

நாத்தனார் மைக்குக்காகக் கை நீட்டினாள். "இவங்க படியில உட்கார்ந்துட்டா, இவங்களைக் கேட்டு வர்றவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லணும். அது போக மிச்ச நேரத்துல எழுதறேன்."

கூட்டம் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். மைக் கையில் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

"அடுத்த புத்தகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"அதுக்கு முன்னாடி இந்தப் புத்தகத்துல ஒரு சந்தேகம்" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவராம். "கொலைகாரன் யாருங்கறது எனக்குப் பாதியிலேயே தெரிஞ்சு போச்சு, அதை விடுங்க. ஒன்பதாவது அத்தியாயத்துல அந்த வீட்டு நாயைக் குளியலறையில வெச்சுப் பூட்டறாங்க. அதை எப்போ வெளிய விட்டீங்க?"

நாத்தனார் மைக்கைக் கீழே இறக்கினாள். ஒன்பது ஒற்றைப்படை. திருடன் ஜன்னல் வழியாக வரும்போது நாய் குரைத்தால் காட்சி கெட்டுவிடும் என்று அவள்தான் தூக்கி உள்ளே போட்டாள். அதன் பிறகு திருடன் வந்தான், கொலை நடந்தது, கடைசியில் மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணம்கூட நடந்தது. நாய் உள்ளேயே இருந்தது.

"மூணு மாசமா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

"குழாயில தண்ணியாவது வந்திருக்கும்" என்றது இன்னொரு குரல்.

"நாய் எப்படிங்க குழாயைத் தொறக்கும்?"

அடுத்தவளின் பூட்டுகளைத் திறந்தே ஓய்ந்துபோனேன் என்று சொல்ல வந்தவள், தன் பூட்டோடு விழித்துக்கொண்டு நின்றாள். அண்ணி மெதுவாக அவள் கையிலிருந்து மைக்கை உருவினாள்.

"இதைத்தான் இவ சொல்ல வந்தா, நீங்க முந்திக்கிட்டீங்க" என்றாள் டிரைவரிடம். "அடுத்த நாவலே அந்தக் கதவைத் தொறக்கிற இடத்துலதான் ஆரம்பிக்குது. முதல் அத்தியாயம் எப்பவும் இவளோடது. என்னம்மா, சொல்லிடலாம்ல?"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. பின்வரிசையில் பதிப்பாளர் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். நாத்தனாருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே வாக்கியத்தில் அண்ணி நாயை வெளியே விட்டு, அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

படியிறங்கும்போது நாத்தனார் கேட்டாள். "நிஜமாவே அந்த நாயை நீங்களும் மறந்துட்டீங்களா அண்ணி?"

"மறக்கல. பத்தாவது எழுதும்போதே தொறக்கலாம்னு கை போச்சு. சரி, காரணம் இல்லாம இவ பூட்ட மாட்டா, ஏதோ திட்டம் வெச்சிருப்பான்னு விட்டுட்டேன்."

"பதிப்பாளர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எதை?"

அண்ணி கேட்ட வேகத்திலேயே, பதிப்பாளர் சொல்லிவிட்டார் என்பது தெரிந்துவிட்டது. இருவரும் வாசலுக்கு வந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அண்ணி பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"தனியா எழுதணும்னா தாராளமா எழுது. நான் குறுக்க நிக்கல. ஆனா நாயை வெளிய விட்டுட்டுப் போ."

நாத்தனார் கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் மூளை அந்தக் குளியலறையை விட்டு நகர மறுத்தது. மூன்று மாதம். சாகவில்லை என்றால் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். வெளியே தெரியாமல். அந்த வீட்டிலேயே இருக்கும் யாரோ.

"அண்ணி, அப்போ அதுக்குச் சாப்பாடு வெச்சது..."

"பேசக் கூடாது" என்றாள் அண்ணி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி. "எழுதி ஃப்ரிட்ஜ் மேல வை."

பஸ் வருவதற்குள் நாத்தனார் முதல் அத்தியாயத்தின் முடிவுவரை போய்விட்டாள். அவர்கள் நாவல்களில் வரும், அண்ணிக்குச் செல்லமான துப்பறியும் பெண் நாயைத் திறந்துவிட உள்ளே போவாள். கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். திறப்பது இனி இரட்டைப்படைக்காரியின் பாடு.