ஒரே தண்டில் இரண்டு இலை

தாவரக் காப்பகத்தில் எல்லோரும் அவளை வெட்டம்மா என்றுதான் சொல்வார்கள். கோபக்காரி என்பதால் வந்த பெயர் இல்லை. செடிகளை வகை பிரிப்பதில் அவள் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும் அந்த நீண்ட அறையில்தான் அவள் தலை நரைத்தது. மரக்கிளைகளில் தொற்றி வளரும் ஒரு பெரணிக் கூட்டத்தை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு, இது ஒரு பேரினம் இல்லை, நாலு பேரினம் என்று எழுதியவள் அவள்.

எதிர்க்கட்சி இன்னொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. "ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு நாலு வீடு எதற்கு?" என்று பதில் எழுதி, நாலையும் மறுபடி ஒன்றாக்கிய பேராசிரியர். பிரித்ததை ஒட்டிவிடுவதால் அவருக்கு ஒட்டையா என்று பெயர். இரண்டு பேரும் நேரில் பேசியதைவிட அச்சில் முட்டிக்கொண்டதே அதிகம்.

இந்த லட்சணத்தில் வெட்டம்மாவின் மகனும் ஒட்டையாவின் மகளும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். "உலகத்துல வேற மாமனாரே கிடைக்கலையாடா உனக்கு?" என்று கேட்டாள் வெட்டம்மா. ஆனால் மருமகளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. அதுதான் சங்கடம். சம்பந்தி ஆன பிறகு ஒரு மனுஷரை எப்படித் திட்டி எழுதுவது?

நாட்டில் உள்ள செடிகொடிகளையெல்லாம் தொகுத்துப் போடும் பெரிய நூலில் பெரணிப் பகுதி மட்டும் பாக்கி இருந்தது. பதிப்பாசிரியை கறாரான பெண்மணி. "சேர்ந்து எழுதுங்க. இல்லேன்னா அந்த இடத்தை வெறும் தாளா விட்டு அச்சடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒட்டையா பெட்டியோடு வந்து மகள் வீட்டில் தங்கினார். தினமும் காலையில் காப்பகத்துக்கு வந்து வெட்டம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தியம்மா" என்பார். "அய்யோ, நீங்க அனுபவசாலி சம்பந்தி" என்பாள் இவள். இப்படி ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்ததில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. மதியமானால் மருமகள் போன் செய்வாள்.

"அத்தை, அப்பாகிட்ட சண்டை ஏதும் இல்லையே?"

"இல்லம்மா. அதான் பிரச்சினையே."

அந்த வாரக் கடைசியில் பேய்மழை அடித்தது. மறுநாள் காலையில் காப்பகத்தை ஒட்டிய தோட்டத்தின் மேஸ்திரி வந்து அவர்கள் அறைக் கதவைத் தட்டினார். காப்பகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பெரிய கிளை ஒடிந்து பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, ஜனங்கள் வருவதற்குள் அறுத்து அள்ளப்போகிறோம், வேண்டியது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இருவரும் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

கிளை முழுக்கப் பெரணி. கம்பளி போர்த்தின மாதிரி பச்சைப் பசேல் என்று மூடிக்கிடந்தது. அத்தனை வருஷமும் அண்ணாந்து பார்த்த செடி காலடியில் வந்து விழுந்திருக்கிறது. வெட்டம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் மண்டி போட்டாள். எதிர்ப்பக்கம் ஒட்டையா.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. "சம்பந்தியம்மா, இங்க பாருங்க."

அவர் விரல் ஒரு தண்டைப் பிடித்திருந்தது. பட்டையோடு ஒட்டி ஊர்ந்துபோகும் தண்டு. அதன் ஒரு முனையில் நாக்கு மாதிரி முழு இலை. கொஞ்சம் தள்ளி, அதே தண்டில், விரித்த கை மாதிரி பிளந்த இலை. முழு இலை ஒரு பேரினம், பிளந்த இலை வேறு பேரினம் என்பது வெட்டம்மா போட்ட முதல் வெட்டு.

"இளசுல எல்லாம் முழுசாத்தான் இருக்கும், வளந்தா பிளக்கும். இது ஊருக்கே தெரியும்" என்றாள்.

அவர் முழு இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பழுப்புப் பொட்டுகள். வித்து கட்டி, வெடித்து, கொட்டியும் முடித்த கிழட்டு இலை. இளசும் இல்லை, ஒன்றும் இல்லை.

வெட்டம்மா நம்பவில்லை. இரண்டு செடி பின்னிக்கொண்டு ஒன்று மாதிரி தெரிகிறதோ என்று வேரை ஒவ்வொன்றாக விலக்கி, சிக்கெடுக்கிற மாதிரி தடவிக்கொண்டே போனாள். எங்கேயும் அறுபடவில்லை. ஒரே தண்டு.

"சரி, என் வாதம் விழுந்துடுச்சு" என்றாள். சொன்னதும் மனசு கனக்கும் என்று எதிர்பார்த்தாள். கனக்கவில்லை. இறுக்கிய செருப்பைக் கழற்றின மாதிரிதான் இருந்தது.

மேஸ்திரி ரம்பத்தோடு வந்து நின்றார். "அம்மா, அறுக்கலாமா?"

"தொட்டீங்கன்னா பாருங்க!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் ரம்பத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒட்டையாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "இதோ இதுவும் அதேதான், அதோ அதுவும் அதேதான்" என்று கிளை முழுவதையும் ஒன்றாக்கிக்கொண்டே போனார். அப்போதுதான் வெட்டம்மாவுக்குச் சுரீர் என்றது. மரியாதை பறந்துவிட்டது.

"நிறுத்துங்க சம்பந்தி! கண்ணு இருக்கா இல்லையா? இந்தச் செதிலப் பாருங்க."

தண்டை மூடியிருக்கும் பொடிச் செதில்கள். கைலென்ஸை அவர் கண்ணில் அழுத்தாத குறையாக வைத்தாள். ஒரு செடியின் செதில் ஓரத்தில் ரம்பப்பல், பக்கத்துச் செடியில் மழமழவென்று. பொட்டுகளும் ஒன்றில் மேலே உட்கார்ந்திருந்தன, மற்றதில் குழிக்குள் புதைந்திருந்தன.

"செதில் ஈரத்துல மாறும்" என்றார்.

"குழியுமா மாறும்? நேத்து மழைக்குத் தோண்டிக்கிச்சா?"

அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார், இவள் இரண்டு சொன்னாள். மரத்தடியில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். காப்பகத்திலிருந்து யாரோ விஷயத்தைச் சொல்ல, மருமகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் அப்பாவும் அத்தையும் தலைமுதல் கால்வரை சேறு. இரண்டு பேர் முகத்திலும் கல்யாணத்தன்றுகூட இல்லாத களை.

"என்னப்பா சண்டை?"

"சண்டையா? இப்பத்தாம்மா வேலையே ஆரம்பிச்சிருக்கு" என்றார் ஒட்டையா.

பெரணிப் பகுதி மளமளவென்று வளர்ந்தது. நாலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பேரினம் என்று முடிந்தது. கணக்குப் பார்த்தால் வெட்டம்மாவுக்குத்தான் நஷ்டம் கூடுதல். கேட்டவர்களிடம் அவளே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். எதிலும் அடங்காத ஒரு மலைப்பெரணி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு 'இடம் இன்னும் தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதிவிட்டார்கள்.

ஒட்டையா ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அலமாரிகளை மாற்றி அடுக்கினார்கள். அவர் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுக்க, இவள் புது இடத்தில் வைத்தாள். மலைப்பெரணிக் கட்டு அவர் கைக்கு வந்தது.

"இதையும் அந்த ரெண்டுல ஒண்ணோட ஒட்டிடலாம்னுதான் எனக்குத் தோணுது" என்றார்.

"வையுங்க கீழே" என்றாள் வெட்டம்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. உட்காருங்க, பேசுவோம்."