பட்டி காய்வதற்குள்

இரண்டு ஜிப்சம் போர்டுகள் சேருகிற இடத்தில் காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் சுவருக்குப் பூசுகிற பட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது சுவர் மறுபடியும் அதிர்ந்தது. டொக், டொக். இடுப்பு உயரத்தில், ஈரம் காயாத இடத்தில், மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியது. ‘தட்டு, நல்லாத் தட்டு’ என்று மரியபுஷ்பம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தகட்டில் இன்னும் கொஞ்சம் பட்டி எடுத்து வெடிப்பை மூடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாகக் கிடந்தவர் அவளுடைய கணவனின் அண்ணன் அருள்சாமி. பக்கவாதம் பேச்சை அடைத்துவிட்டது. வலது கை மட்டும்தான் மிச்சம். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்ததால் அந்தக் கைக்குப் போர்டு எட்டியது. முன்பு இரண்டு பக்கமும் ஒரே ஹாலாக இருந்தது. பாகம் பிரித்ததும் நடுவில் அவள்தான் இந்தச் சுவரை நிறுத்தினாள். வேளாங்கண்ணி லாட்ஜுகளில் சித்தாளாகப் போய், பட்டி பார்க்கப் பழகி, இப்போது ஆள் வைத்து வேலை வாங்குகிறவள் அவள். தன் பக்கத்துக்கு மட்டும் போர்டு அடித்தாள். அவர் பக்கம் தெரிவதெல்லாம் தகரச் சட்டங்களும் போர்டின் முதுகும்தான். போய்ச் சேருகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும்.

கோபத்துக்குக் காரணமும் ஊருக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முந்தைய ஐப்பசியில் அவள் புருஷன் ஜோசப்ராஜை ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அருள்சாமியின் மகள் ஜெனிட்டாவுக்கு அந்த ஹாலில் நிச்சயதார்த்தம். பிணம் நுழைந்த இடத்தில் நல்ல காரியம் எப்படிச் செய்வது என்று அருள்சாமி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கொட்டுகிற மழையில், தெருவில், தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தான் கூடப்பிறந்த தம்பி. மரியபுஷ்பம் கதவைத் தட்டினாள். விரல் முட்டிகள் வீங்கும்வரை தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் நடமாட்டமும் தெரிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வியை வைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள். நான் தட்டியது காதில் விழுந்ததா, இல்லையா? சுவர் வேலை முடியட்டும், நேருக்கு நேர் நின்று கேட்கலாம் என்று இருந்தாள்.

கொல்லைப்பக்கமாக ஜெனிட்டா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“சித்தி, ஃபாதர் வந்து எண்ணெ பூசி, கடைசி அவஸ்தைப்பூசுதல் குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்பாவுக்கு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. உங்க பேரச் சொன்னா சுவரத் தட்டுறாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“வேலையா இருக்கேன்மா.”

“நாளைக்குப் பாத்துக்கக் கூடாதா?”

“கரைச்ச பட்டி நாளைக்குக் கல்லாப் போயிடும்.”

“நீங்க மன்னிக்கக்கூட வேணாம் சித்தி. சும்மா வந்து நில்லுங்க, போதும்.”

மரியபுஷ்பம் தகட்டின் விளிம்பைத் துடைத்தாள். “அன்னிக்கு நானுந்தான் தட்டினேன். அவரு ஒரு எட்டு வந்தாரா?”

ஜெனிட்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

மரியபுஷ்பத்துக்கு மனசு குளிர்ந்தது. சாகிறவரை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது கூசுகிற விஷயம்தான், ஆனால் உண்மை அதுதான். அந்தப் பக்கம் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே டொக், டொக். அவர் தட்டத் தட்ட வெடித்தது, வெடிக்க வெடிக்க இவள் மூடினாள். சட்டியில் பட்டி குறையக் குறையப் புதிதாகக் கரைத்தாள். தவித்துக் கிடக்கட்டும், காலையில் குளித்துவிட்டுப் போய்க் கேட்கலாம். வாயில்லாவிட்டால் என்ன, கண்ணும் காதும் இருக்கின்றன. கேள்வி உள்ளே இறங்குவதை முகத்திலேயே பார்த்துவிடலாம்.

கடைசிப் பூச்சை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். இணைப்பு இருந்த இடமே தெரியவில்லை. எந்த லாட்ஜிலும் இவ்வளவு நேர்த்தியாக அவளுக்கு வந்ததில்லை. தலையைச் சாய்த்து, வெளிச்சம் படுகிற பக்கமிருந்தும் பார்த்தாள். இடுப்பு உயரத்திலும் வழவழவென்றுதான் இருந்தது.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் நின்று வெகுநேரமாகிறது என்பது உறைத்தது.

ஜெபமாலை பாதியில் நின்றது. “அப்பா” என்று ஜெனிட்டாவின் குரல் கேட்டது. பிறகு எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். யாரோ வாசல் கதவை அகலத் திறந்து வைக்கிற சத்தம் கேட்டது.

மரியபுஷ்பம் நின்ற இடத்திலேயே நின்றாள். பதில் சொல்லாமலே போய்விட்டார். தகட்டைக் கீழே வைத்தாள். விரலை மடக்கி, இடுப்பு உயரத்தில், ஈரப் பட்டியின் மேல் தட்டினாள்.

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.