மணிக்கு 0.15

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது. நான் பாழாக்கிய பொடியின் விலை. மாதம் மூவாயிரத்து இருநூற்று ஐந்து வீதம் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஸ்டோர் சார் காகிதத்தைப் படித்துக் காட்டினார். அவர் பாதி போவதற்குள் நான் கடைசி வரிவரை படித்துவிட்டேன். சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சிலிண்டர் தூக்குவதும் வாயு திறந்துவிடுவதும் என் வேலை. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிட்டிகைப் பொடி இருக்கும். பிளாட்டினம் கலந்தது, தங்கத்துக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அதன் வழியே எவ்வளவு வாயு போகவேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் மோல் கணக்கில் சீட்டு எழுதித் தருவார்கள். வாயுப் பெட்டியோ நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்றுதான் காட்டும். ஒரு மோல் என்றால் இருபத்திரண்டாயிரத்து நானூறு மில்லி, அந்த எண்ணால் பெருக்கவேண்டும். சீட்டு நிமிடக் கணக்கென்றால் அதோடு சரி. மணிக் கணக்கென்றால் அறுபதால் வகுக்கவும் வேண்டும். மூட்டை எண்ணி வளர்ந்தவனுக்கு எண் வரும், எழுத்துதான் அப்போது வராது. அதனால் எனக்கு வேலை பழக்கிவிட்டுப் போன மேஸ்திரி ஒரு வழி செய்துவைத்தார். மஞ்சள் சீட்டு மணிக்கு, வெள்ளைச் சீட்டு நிமிடத்துக்கு.

நாற்பத்தேழு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மேசையில் முட்டும். இரண்டு வருஷத்தில் மருந்து டப்பா, பஸ் பலகை, ரசீது எல்லாம் படித்தேன். ஆனால் வேலையிடத்தில் யாருக்கும் இது தெரியாது, அங்கே என் கண்ணும் பழைய கண்ணாகவே இருந்தது. நிறத்தைப் பார்த்தால் போதும், கை தானாகப் போகும்.

அன்று மஞ்சள் தாள் தீர்ந்திருந்தது. புதிதாக வந்த ஆராய்ச்சி மேடம் வெள்ளைத் தாளில் ‘மணிக்கு 0.15 மோல்’ என்று முத்துமுத்தாக எழுதித் தந்தார். தாளைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், மூவாயிரத்து முந்நூற்று அறுபது வைத்தேன். வைக்கவேண்டியது ஐம்பத்தாறு. உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பொடி முழுக்கப் புகைக்குழாய் வழியாகப் போய்விட்டது.

“அண்ணாவுக்குப் படிக்க வராதுன்னு யாருமே எங்கிட்ட சொல்லலை” என்று மேடம் கண் கலங்கினார். மறுக்க வாய் திறந்தேன். அப்படியானால் படிக்கத் தெரிந்தும் படிக்காதவன் என்று ஆகிவிடும். மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் பிடித்தார்கள். மூன்றாம் மாதம் தணிக்கை வருகிறது, சம்பளத்தில் பிடித்ததற்குக் காரணம் கேட்பார்கள் என்று ஸ்டோர் சார் கூப்பிட்டார்.

“படிக்கத் தெரியாத ஆள்கிட்ட சீட்டெழுதிக் குடுத்தது நிர்வாகத்தோட தப்புன்னு எழுதிடறேன். மிச்சம் தள்ளுபடி. நீங்க ஒரு கைநாட்டு வச்சாப் போதும்.”

“கையெழுத்தே போடுவேன் சார்.”

“கெட்டுது போங்க. எழுத்துத் தெரியாதுன்னு எழுதின தாள்ல கையெழுத்துப் போட்டா எவன் நம்புவான்?” சிரித்தார். “முப்பத்திரண்டாயிரத்து அம்பது. இந்தக் கட்டடத்துலயே விலை கூடின விரல் உங்களோடதுதான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் மனைவி ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். மறுபக்கம் நான்கு பல் இல்லை. கட்டுவதற்குச் சேர்த்த பணம்தான் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

“ஏங்க, நீங்க படிச்சது எனக்குத் தெரியும். போதாதா? பேசாம விரலை வைங்க. நான் பல்லைக் கட்டிக்கறேன்.”

“ரெண்டு வருஷம் முழங்கால் தேஞ்சது.”

“எனக்கு ஈறு தேயுது.”

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் உட்காரவிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். தையல் கடை, சைக்கிள் கடை, நோட்டீஸ், சுவரில் கிறுக்கியிருந்த வசவு, ஒன்று விடாமல் படித்தேன். திரும்பி வரும்போது மறுபடி படித்தேன்.

காலையில் ஸ்டோர் சார் மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்ற வரி எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவும் படிக்க முடிந்தது. விரலை அவரே பிடித்து உருட்டினார். துடைக்கத் துணி கொடுத்தார். அந்த மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

இப்போது மேடம் சீட்டைக் கையில் தருவதில்லை. பக்கத்தில் வந்து நின்று, குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு வாசிக்கிறார்.

“அண்ணா, நல்லாக் கேட்டுக்கோங்க. மணிக்கு. பூஜ்யம் புள்ளி மூணு மோல். எவ்வளவு வைக்கணும்னு நானே போட்டுச் சொல்லிடறேன்.”

நூற்றுப் பன்னிரண்டு, எனக்கு மனசிலேயே வந்துவிட்டது. அவர் போனை எடுத்துத் தட்டினார். தப்பாகிப்போய் அழித்துவிட்டு மறுபடி தட்டினார். என் கை திருகின் மேல் இருந்தது. பெட்டியின் கண்ணாடியில் பச்சைப் பூஜ்யம் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. மேடம் உதட்டைக் கடித்தபடி மூன்றாம் முறை தொடங்கினார்.